பறவைகளின் அறிவியல் பெயரைப் பிரித்துப் படிப்பது எப்படி?

இரட்டைவால் குருவியின் அறிவியல் பெயர் டைக்ரூரஸ் மேக்ரோசெர்கஸ். கிரேக்கத்தில் 'டிக்ரோஸ்' என்றால் கவையாகப் பிரிந்தது, 'ஊரா' என்றால் வால். அடுத்த சொல்லில் 'மக்ரோஸ்' நீளத்தைக் குறிக்கும். 'கெர்கோஸ்' என்பதும் வால்தான். வாயில் நுழையாத பெயர்கள் பலவும் இப்படித்தான் பிரியும். அதற்கு லத்தீன், கிரேக்கம் படித்திருக்க வேண்டியதில்லை.

படி 1: முழுப் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்

பேரினம் (முதல் சொல்), சிற்றினம் (இரண்டாம் சொல்), பெயரிட்டவர், ஆண்டு ஆகிய நான்கும் வேண்டும். ரோமன் எழுத்தில் எழுதும்போது பேரினத்துக்கு முதலெழுத்து பெரியது. சிற்றினம் ஊர்ப்பெயரிலிருந்து வந்திருந்தாலும் சிறிய எழுத்தில்தான் தொடங்கும்.

அடைப்புக்குறியை விட்டுவிடாதீர்கள். வீட்டுக் காகம் 'கார்வஸ் ஸ்ப்ளெண்டென்ஸ் வியெய்யோ, 1817'. சிட்டுக்குருவியோ 'பாஸர் டொமெஸ்டிகஸ் (லின்னேயஸ், 1758)'. இருசொல் பெயர் முறையை நிலைநிறுத்திய ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ், சிட்டுக்குருவியை 'ஃப்ரிங்கில்லா' என்ற பேரினத்தில் வைத்திருந்தார். பிறகு அது பாஸருக்கு மாறியது. அந்த இடமாற்றத்தைத்தான் அடைப்புக்குறி சொல்கிறது.

படி 2: ஈற்றைத் தனியே வையுங்கள்

லின்னேயஸ் எழுதியது 'ஃப்ரிங்கில்லா டொமெஸ்டிகா'. ஃப்ரிங்கில்லா பெண்பால், பாஸர் ஆண்பால். ஆகவே 'வீட்டைச் சேர்ந்த' என்ற பெயரடை 'டொமெஸ்டிகஸ்' ஆனது. குயிலின் பெயர் சில நூல்களில் 'ஸ்கோலோபேசியா' என்றும், சிலவற்றில் 'ஸ்கோலோபேசியஸ்' என்றும் இருப்பதற்கும் இதே இலக்கணம்தான் காரணம். பழைய நூல்களில் தேடும்போது ஈற்றை நீக்கிவிட்டு அடிச்சொல்லை மட்டும் தேடுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பதிவுகள் தப்பிவிடும். பெயர்ச்சொல்லாக இருந்தால் ஈறு மாறாது.

படி 3: பின்னாலிருந்து உடையுங்கள்

உடல் உறுப்பு பெரும்பாலும் சொல்லின் கடைசியில் நிற்கும். நிறமும் வடிவமும் அதற்கு முன்னால் வரும். 'உரஸ்' வால், 'டெரஸ்' சிறகு, 'செஃபாலஸ்' தலை, 'காஸ்டர்' வயிறு, 'ரிங்கஸ்' அலகு, 'பஸ்' கால். முன்னால் வருபவற்றில் 'லூகோ' வெள்ளை, 'மெலனோ' கறுப்பு, 'எரித்ரோ' சிவப்பு, 'க்ரைசோ' பொன்னிறம். தொடக்கத்துக்கு இந்தப் பத்துத் துண்டுகள் போதும். வெள்ளை வயிற்றுக் கடற்கழுகின் 'லூகோகாஸ்டர்' உடனே விளங்கிவிடும்.

முன்னாலிருந்து உடைத்தால் தடுமாற்றம் வரும். பூநாரையின் பேரினம் 'ஃபீனிகாப்டெரஸ்' என்றதும் தீயில் எரிந்து எழும் புராணப் பறவைதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. இங்கே 'ஃபாய்னிக்ஸ்' கருஞ்சிவப்பைக் குறிக்கிறது. சொல்லின் பொருள் செஞ்சிறகு. அதே முன்பகுதியோடு வரும் 'ஃபீனிகுரஸ்' என்பது செவ்வால்.

படி 4: ஊரா, ஆளா?

'என்ஸிஸ்' என்று முடிந்தால் பெரும்பாலும் இடப்பெயர். வெண்மார்பு மீன்கொத்தியின் 'ஸ்மிர்னென்ஸிஸ்' என்பதில் இருப்பது ஸ்மிர்னா, அதாவது இன்றைய துருக்கியின் இஸ்மிர். ஒருவரைச் சிறப்பிக்கும் பெயர் ஆணுக்கானால் ரோமன் எழுத்து 'ஐ'யில் முடியும். பெண்ணுக்கானால் 'ஏ', 'ஈ' ஆகிய இரண்டு எழுத்துகளும் சேர்ந்து நிற்கும். தேன்சிட்டு ஒன்றின் பெயரான 'கோல்டியே', பறவை ஓவியர் எலிசபெத் கோல்டைச் சிறப்பிக்கிறது.

படி 5: பறவையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

புதியவர்கள் பெரிதும் ஏமாறுவது இங்கேதான். சொல்லைச் சரியாகப் பிரித்திருந்தாலும் பொருள் பறவையோடு ஒட்டாமல் போகலாம். பெயர் வைத்தவர் பல சமயம் உயிருள்ள பறவையையே பார்த்ததில்லை; அவர் கையில் இருந்தது பதப்படுத்திய தோலும், அதோடு வந்த தகவலும்தான். சொர்க்கப் பறவை ஒன்றுக்கு லின்னேயஸ் 1758இல் 'பாரடிசியா அபோடா' என்று பெயரிட்டார். அபோடா என்றால் காலற்றது. நியூ கினியிலிருந்து வணிகத்தில் ஐரோப்பாவுக்கு வந்த தோல்களில் கால்கள் நீக்கப்பட்டிருந்தன. மீன்கொத்தி வகையைச் சேர்ந்த குக்கபராவின் பெயர் 'டசேலோ நோவேகினியே'. பறவை வாழ்வது ஆஸ்திரேலியாவில். பெயர் சொல்வது நியூ கினியை. தூக்கணாங்குருவியின் 'பிலிப்பினஸ்' கதையும் அதேதான்: பிலிப்பைன்ஸ் அதன் இயற்கை வாழிடமே அல்ல.

தவறு என்று தெரிந்தும் ஏன் மாற்றுவதில்லை? பொருத்தமற்ற பொருள் என்பதற்காக ஒரு பெயரைத் தள்ள முடியாது என்கிறது விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பு. அது நல்ல விதி. திருத்தப் புகுந்தால் பழைய குறிப்புகளும் புதிய குறிப்புகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும்.

ஆகவே குறிப்பேட்டில் 'பெயரின் பொருள்' ஒரு பத்தி, 'பறவையோடு பொருந்துகிறதா' இன்னொரு பத்தி என்று தனித்தனியாக எழுதுங்கள். எந்த வகையிலும் அடங்காத பெயர் வந்தால் எழுத்துகளை மாற்றி அடுக்கிப் பாருங்கள். குக்கபராவின் 'டசேலோ' அப்படிப் பிறந்ததுதான்: மீன்கொத்தியின் லத்தீன் பெயரான 'அல்செடோ'வின் அதே ஆறு ரோமன் எழுத்துகள், வேறு வரிசையில்.