வலி நின்ற பிறகு கேப் பற்றிப் பேசாதீர்கள்

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கம் புதிதாக கிளினிக்கில் சேரும் பல் மருத்துவர்கள் கைவேலையில் சீக்கிரம் தேறிவிடுகிறார்கள். நோயாளிக்கு விளக்கிச் சொல்வதில்தான் இடறுகிறார்கள், அதுவும் மூத்தவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் இடறிய அதே இடங்களில். எக்ஸ்ரேயைக் காட்டாமல் பேசுவது, வேகமாகப் பேசுவது எல்லாம் தெரிந்த தவறுகள்; அவற்றை விட்டுவிடலாம்.

“கேப்பை அப்புறம் பார்த்துக்கலாம்”

கேப் என்பது பல்லை மூடிச் சுற்றிப் பிடிக்கும் உறை. அதைத் தள்ளிப்போடுவது பல்லையே காவு வாங்கும் தவறு. எத்தனை முறை பார்த்தாலும் ஆத்திரம் அடங்குவதில்லை.

ஐப்பசி அடைமழையில் ஒரு விவசாயி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறார். கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லில் ஆழமான சொத்தை, இரண்டு ராத்திரியாகத் தூக்கமில்லை. மருத்துவர் வேர் சிகிச்சைக்கு (ரூட் கேனல்) மட்டும் ஒரு தொகையைச் சொல்லி வேலையைத் தொடங்குகிறார். உள்ளே இருக்கும் கூழை, அதாவது நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள மென்மையான சதையை, எடுத்த அன்றே வலி அடங்கிவிடுகிறது. கடைசி நாள், அவர் செருப்பு மாட்டும்போது, “கேப் ஒண்ணு போடணும், அது தனி” என்கிறார் மருத்துவர். “சம்பா அறுத்துக் காசு வந்ததும் வந்துடுறேங்க” என்கிறார் அவர். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அறுவடை தையில். கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டுப் பணம் கைக்கு வர மாசி ஆகிவிடும். பொங்கல் கரும்பு அதற்கு முன்பே வந்துவிடுகிறது. அதைக் கடித்துப் பல் பிளந்து, விரிசல் வேருக்குள் ஓடிவிட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. “வேர் சிகிச்சை பண்ணுன பல்லே நிக்கல” என்று அவர் ஊரில் சொல்வார். கேட்டவர்கள் அடுத்த முறை காப்பாற்றக்கூடிய பல்லோடு, பிடுங்கச் சொல்லி வருவார்கள்.

சிகிச்சை செய்த பல் காய்ந்துபோய் உடைகிறது என்று பலர் விளக்குகிறார்கள். முக்கியக் காரணம் அதுவல்ல. சொத்தை தின்றதும் நாம் குடைந்ததும் சேர்ந்து எவ்வளவு பல் போயிற்று என்பதே காரணம். சிறுகடைவாய்ப் பற்களை வைத்துச் செய்து 1989-ல் வெளியான ஆய்வு ஒன்றில், வேர் சிகிச்சைக்கான வேலை மட்டும் பல்லின் விறைப்பை 5 சதவீதம் அளவுக்கே குறைத்தது. முன்பக்க, பின்பக்க விளிம்புகள் இரண்டும் போகும்படி குடைந்தபோது 63 சதவீதம் குறைந்தது. விளிம்பு போன பல், மெல்லும்போது இரு பக்கமும் விரிந்துகொடுக்கும். கேப் அதைச் சுற்றிப் பிடிக்கிறது. உலக்கைக்குப் பூண் போடுவது மாதிரி என்று சொல்லுங்கள், எந்தப் பாட்டிக்கும் புரியும். அந்தப் பூண் பிடித்து நிற்க ஈறுக்கு மேலே சுற்றிலும் 2 மில்லிமீட்டராவது நல்ல பல் வேண்டும். அது இல்லையென்றால் தொடங்கும் முன்பே சொல்லியாக வேண்டும்.

வலியில் துடிப்பவரிடம் நீண்ட பேச்சு ஏறாது. முதல் நாள், பல்லைத் திறப்பதற்கு முன் இது ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: “ஐயா, இன்னைக்கு வலி நிக்கும், வேலை முடியாது. கேப் போட்டாத்தான் முடிஞ்சதா அர்த்தம்.” இரண்டாவது முறை வரும்போது சுத்தம் செய்வது, குட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளை வைத்து வேரை அடைப்பது, மேலே நிரந்தர அடைப்பு, கேப் எல்லாவற்றையும் ஒரே சீட்டில் ஒரே தொகையாக எழுதிக் கொடுங்கள். தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கு மேல் தாங்காது. எச்சில் கசிந்து கிருமி இறங்கினால் செய்த சுத்தமெல்லாம் வீண். வேரை அடைத்த அன்றே நிரந்தர அடைப்பு, இரண்டு முதல் நான்கு வாரத்தில் கேப் என்று தேதியையும் எழுதுங்கள்.

பணம் இப்போது இல்லை என்றால் அதற்கும் வழி உண்டு. கடைவாய்க்கு முழு உலோகக் கேப் போதும். பீங்கானைவிட விலை குறைவு, பல்லையும் குறைவாகத்தான் தேய்க்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் பல்லின் மேலுள்ள பலவீனமான முகடுகளைக் குறைத்து, அவற்றை மூடும்படி அடைப்பு வைத்து, கேப் போடும் வரை அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பலாம். எல்லாப் பல்லுக்கும் கேப் என்றும் சொல்லாதீர்கள். பெரிதாகச் சேதமில்லாத முன்பல்லுக்கு நல்ல அடைப்பே போதும்.

“நரம்பைக் கொன்னுடுவோம்”

இதைக் கேட்டவர் மூளை நரம்பை நினைத்துப் பயந்து எழுந்து போய்விடுவார். டெல்டாக்காரர்களிடம் வாய்க்கால் தூர் வாருவதைச் சொல்லுங்கள்: பல்லுக்குள் வாய்க்கால் இருக்கிறது, கீழ்க்கடைவாயில் மூன்று நான்கு, மேல் முதல் கடைவாயில் பெரும்பாலும் நான்கு. அழுகினதைக் கடைமடை வரை வாரி எடுக்க வேண்டும், அதனால்தான் நேரம் பிடிக்கிறது. ஒரு வேறுபாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். வயலில் தண்ணீர் ஓடத் தூர் வாருகிறோம். இங்கே ஒரு சொட்டும் போகாமல் அடைக்கிறோம். இரண்டு மூன்று நாள் கடித்தால் வலிக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் சாக்குப்போக்காகத்தான் கேட்கும்.

“மாத்திரையிலேயே சரியாயிடுமா?”

ஆகாது. செத்த கூழுக்குள் ரத்த ஓட்டம் இல்லை, மருந்து போய்ச் சேராது.

“மேல்பல்லைப் புடுங்குனா கண்ணு போயிடும்”

போகாது. பல்லுக்கு உணர்வு தரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. கேட்டவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

இம்ப்ளான்ட்டை மட்டும் உயர்த்திப் பேசுவது

பல் போன பிறகு மூன்று வழிகள்: தாடை எலும்பில் பதிக்கும் இம்ப்ளான்ட், பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் பிரிட்ஜ், கழற்றி மாட்டும் செட் பல். மூன்றையும் அதனதன் குறையோடு சொல்ல வேண்டும். இம்ப்ளான்ட் பக்கத்துப் பல்லைத் தொடாது; ஆனால் டைட்டானியம் எலும்போடு சேரப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும். “வெத்தல சீவலோட பொகையில சேத்துப்பீங்களா?” என்று நேராகக் கேளுங்கள். “கெட்ட பழக்கம் உண்டா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், ஏனென்றால் இங்கே வெற்றிலையைக் கெட்ட பழக்கமாக யாரும் நினைப்பதில்லை. பிரிட்ஜ் சில வாரங்களில் முடிந்துவிடும். அதற்காக இரண்டு பக்கத்துப் பற்களையும் தேய்க்க வேண்டும். அவை சொத்தையே இல்லாத பற்கள் என்றால் அதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது நியாயமில்லை. அடியில் சிறு பிரஷ் விட்டுத் துலக்குவதைக் கண்ணாடியில் காட்டி, அவர் கையாலேயே ஒருமுறை செய்ய வையுங்கள்.

ஞானப்பல்

இதைப் பிடுங்கினால் மாற்றுப் பல் தேவையில்லை.

செட் பல்லைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது

கழற்றி மாட்டுவதை மூன்று முறை செய்யச் சொல்லிப் பாருங்கள். முதல் வாரம் எச்சில் ஊறும், பேச்சு குழறும், எங்கேனும் உறுத்திப் புண்ணாகும். புண்ணானால் வீட்டில் ராவிக்கொள்ளாமல் வரச் சொல்லுங்கள். வரும் நாளன்று காலையில் மாட்டிக்கொண்டு வந்தால்தான் உறுத்தும் இடம் ஈறில் தெரியும். இரவில் கழற்றிப் பச்சைத் தண்ணீரில் போட வேண்டும். வெந்நீரில் போட்டால் நெளிந்துவிடும்.