கேள்விக்குறி அட்டை: ஆட்டிசம் உள்ள பிள்ளையைத் 'தெரியாது' என்பதற்குப் பழக்க

"எப்ப போவோம்? எப்ப போவோம்?" என்று ஒரே கேள்வி நாற்பது தடவை வந்தால் அது பிடிவாதம் இல்லை. அடுத்து என்ன என்று தெரியாமல் இருப்பதே ஆட்டிசம் உள்ள பலருக்குத் தாங்க முடியாத நிலை. நடக்கப்போவது நல்லதா கெட்டதா என்பது இரண்டாம்பட்சம். பிறந்தநாள் விருந்துக்கு முன்பும் இதே தவிப்பு வரும். "ஒண்ணும் ஆகாது" என்ற ஆறுதல் எடுபடாமல் போவது இதனால்தான். வயிற்றுவலி, தூக்கமின்மை, சாப்பாட்டை ஒதுக்குவது என்றும் இது வெளிப்படலாம்; தன் பதற்றத்தைப் பதற்றம் என்று இனங்காண்பதே பலருக்குக் கடினம்.

முதலில், சொல்ல முடிந்ததையெல்லாம் படமாகச் சொல்லிவிடுங்கள். 10 செ.மீ. அகலம், 45 செ.மீ. நீளமுள்ள அட்டை ஒன்று, 7 செ.மீ. சதுரப் பட அட்டைகள் ஐந்து, அவற்றை ஒட்டி எடுக்க வெல்க்ரோ பட்டை, முடிந்த அட்டையைப் போட ஓர் உறை. நடக்கப்போகும் வரிசையில் படங்களை நீள அட்டையில் ஒட்டுங்கள். ரத்தப் பரிசோதனைக்கு என்றால் ஆட்டோ, டோக்கன், காத்திருப்பு, ஊசி, வீடு. போகப்போகும் அதே லேபின் புகைப்படம் வேண்டும். இணையத்தில் எடுத்த வேறொரு லேபின் படத்தை ஒட்டினால், வாசலிலேயே "இது இல்ல" என்று கால் நின்றுவிடும்.

'வலிக்காது' என்று சொல்லாதீர்கள். ஒரு முறை பொய்யானால் அட்டையும் பொய்யாகிவிடும். ரப்பர் பட்டை கையை இறுக்கும், பஞ்சு சில்லென்று இருக்கும், ஊசி சுருக்கென்று குத்தும், வெளியே எடுக்கும்வரை சேர்ந்து எண்ணுவோம். இவ்வளவு போதும். எத்தனை வரை எண்ணுவோம் என்று மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

சிக்கல் காத்திருப்பில்தான். "அஞ்சு நிமிஷம்" என்றால் பிள்ளைக்கு அது சரியாக ஐந்து நிமிடம். ஆறாவது நிமிடத்தில் உலகம் சரியும். நிமிடத்தை விட்டு டோக்கனை எண்ணுங்கள்: நம் எண் 14, உள்ளே இருப்பது 9. அவசர நோயாளி வந்தால் எண் நகராது, அப்போது ஹெட்போன் போட்டுக்கொள்வோம் என்பதையும் முன்பே எழுதிக் காட்டுங்கள்.

ஆனால் எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டே இருந்தால், சொல்ல முடியாத நாளில் பிள்ளை கையில் ஒன்றும் இருக்காது. கேள்விக்குறி அட்டை அதற்குத்தான். வரிசையில் ஓர் இடத்தில் படத்துக்குப் பதில் '?' ஒட்டுங்கள்; இங்கே என்ன வரும் என்று இப்போது தெரியாது என்று அதற்குப் பொருள். தொடக்கத்தில் எது வந்தாலும் பிடித்ததாக இருக்கட்டும்: மாலையில் முறுக்கு அல்லது வாழைப்பழம். ஒரு வாரமாவது இப்படிப் போகட்டும். அடுத்து நல்லதும் கெட்டதும் இல்லாதது: கடைக்கு எந்தத் தெரு வழியாகப் போவோம்? சின்ன ஏமாற்றம் கடைசியில்தான். கெட்ட செய்தி சொல்ல மட்டும் இந்த அட்டையை எடுத்தால், அதைப் பார்த்தாலே அலறல் வரும். பலரும் செய்யும் தவறு இது.

திரும்பத் திரும்ப வரும் கேள்விக்கு ஒரே ஒரு முறை எழுதிப் பதில் சொல்லுங்கள். மூன்று வரி போதும். தெரிந்தது: நாளைக்குப் பாட்டி வருகிறார். தெரியாதது: ரயில் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்பது. அதுவரை: நாம் வீட்டில் பசில் அடுக்குவோம். மறுபடி கேட்டால் புதிதாக விளக்காமல் தாளைக் காட்டுங்கள். விளக்கம் கூடக் கூட கேள்வியும் கூடும்.

எத்தனை நாள் முன்னால் சொல்வது? சிலருக்கு ஒரு வாரம் வேண்டும், சிலருக்கு அந்த ஒரு வாரமும் தூக்கம் போய்விடும். இரண்டு மூன்று முறை மாற்றிப் பார்த்து, அன்றைய தூக்கத்தையும் கேள்விகளையும் குறித்து வையுங்கள்.

கட்டுமீறி அழும் நேரத்தில் அட்டையை நீட்டாதீர்கள். பேச்சைக் குறைத்து, விளக்கை அணைத்து, கூட்டத்திலிருந்து விலகுங்கள். கையை ஆட்டுவதையோ முன்னும் பின்னும் அசைவதையோ தடுக்க வேண்டாம். பிள்ளை தன்னைத்தானே அமைதிப்படுத்திக்கொள்ளும் வழி அது. தன்னை அடித்துக்கொள்வது, வாரக்கணக்கில் தூங்காமல் இருப்பது, பள்ளிக்கே போக மறுப்பது என்றால் அட்டையோடு நிற்காமல், ஆட்டிசத்தில் அனுபவமுள்ள உளவியலாளரையோ குழந்தை மனநல மருத்துவரையோ பாருங்கள். நீங்கள் குறித்து வைத்த நோட்டையும் எடுத்துப் போங்கள்.