டொம்லூர் கல்வெட்டுக்கு வீட்லயே 3டி நகல் எடுக்கறது எப்படி

டொம்லூர் சொக்கநாத சுவாமி கோயில்ல பழங்காலத் தமிழ்க் கல்வெட்டு இருக்குன்னு பெங்களூர்லயே பொறந்து வளர்ந்த நம்மாளுங்க பல பேருக்குத் தெரியாது, அதைப் பசங்க கையில தொட்டுப் பாக்குற மாதிரி ஒரு நகல் எடுக்க ஃபோனும் கம்ப்யூட்டரும் ஒரு சாதா 3டி பிரிண்டரும் போதும். முன்னாடியெல்லாம் ஈரப் பேப்பரைக் கல்லுல ஒட்டி பிரஷ்ஷால அடிச்சு மைப்படி எடுப்பாங்க, இதுல கல்லு மேல கையே படாது.

மொதல்ல கோயில்ல பர்மிஷன் கேட்டுடுங்க. எழுத்து தெரியணும்னு சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதையும் கல்லுல தடவிடாதீங்க ப்ளீஸ். டார்ச்சும் வேணாம், அடிக்கிற நிழல்ல பள்ளமெல்லாம் கருப்பாயி, ஃபோட்டோக்களைச் சேர்த்து 3டி மாடலாக்குற சாஃப்ட்வேருக்கு ஒண்ணும் கெடைக்காது, மேகமூட்டமா இருக்கற காலை நேரம்தான் பெஸ்ட். ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு) ரெண்டையும் லாக் பண்ணிட்டு, ஒரு ஃபோட்டோல இருக்கறது அடுத்த ஃபோட்டோல முக்கால்வாசி வர்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து எடுங்க, நேரா ஒரு ரவுண்டு, சாய்வா ரெண்டு ரவுண்டு. பக்கத்துல ஒரு ஸ்கேல் வைங்க, இல்லன்னா நிஜ அளவு என்னன்னே தெரியாது.

ஃபோட்டோவை மாடலாக்குற சாஃப்ட்வேர்ல மெஷ்ரூம் ஃப்ரீதான், ஆனா என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருக்கற கம்ப்யூட்டர் வேணும். மாடல் ரெடியானதும் பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல லைட்டைப் பக்கவாட்டுல கொண்டு வாங்க, கோயில்ல வெறும் கண்ணுக்குத் தெரியாத சுழியும் காலும் அப்படியே எழும்பி வரும், அதைப் பாக்கவே இவ்ளோ வேலையும் செய்யலாம்! ஆனா அழகா இருக்கட்டும்னு ஸ்மூத் பண்ணிடாதீங்க, ஒடஞ்ச எழுத்து ஒடஞ்சே இருக்கட்டும், அது ‘ன’வா ‘ண’வான்னு படிக்கறவங்க முடிவு பண்ணட்டும்.

பிரிண்டருக்கு ஃபிலமென்ட் (உருக்கி அடிக்கிற பிளாஸ்டிக் இழை) பெங்களூர் எஸ்.பி. ரோட் கடைங்கள்ல கேட்டுப் பாருங்க. பெரிய கல்லோட மாடல் பிரிண்டர் தட்டுல ஒரே பீஸா அடங்காது, ரெண்டு வரிக்கு நடுவுல இருக்கற வெத்து எடத்துல வெட்டிக்கோங்க. படுக்க வெச்சு அடிச்சா பள்ளமெல்லாம் படிக்கட்டு மாதிரி வரும், நிக்க வெச்சு அடிங்க, லேயர் 0.12 மி.மீ. போதும். நாணயம், முத்திரை மாதிரி பொடிசுன்னா ரெசின் (திரவப் பிளாஸ்டிக்) பிரிண்டர்தான் சரி, க்ளவுஸ் கண்டிப்பா போடுங்க.

சாம்பல் பிரைமர் அடிச்சு காஞ்சதும், தண்ணியா கரைச்ச கரும்பழுப்பு அக்ரிலிக்கைப் பூசி உடனே துணியால துடைங்க, கலர் எழுத்துக்குள்ள மட்டும் தங்கும். பின்னாடி ‘நகல்’, ஊர், வருஷம் மூணையும் அழியாம எழுதிடுங்க. எடுத்த ஃபோட்டோ ஒண்ணைக்கூட டெலீட் பண்ணாதீங்க, நாளைக்கு இதைவிட நல்ல சாஃப்ட்வேர் வந்தா அதே ஃபோட்டோவை வெச்சே இன்னும் துல்லியமா மாடல் எடுக்கலாம்.