ஹிட் பயிற்சியில் ஓய்வைத் திருடாதீர்கள்

தைப்பூசத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊர்களில் பந்துத் திடல் களைகட்டிவிடும். காவடி எடுக்கப் போகிறவர்கள், தீபாவளிப் பலகாரத்தைக் கரைக்க வந்தவர்கள், கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி) திட்டி அனுப்பியவர்கள் என்று எல்லா ரகமும் இருக்கும். பாதிப் பேர் கைப்பேசியில் நாலு நிமிட வீடியோவை ஓடவிட்டு அதன்படி குதிப்பார்கள். ஹிட் (HIIT) என்பது இதுதான்: கொஞ்ச நேரம் முழு மூச்சாக உழைப்பது, கொஞ்ச நேரம் ஆறுவது, மறுபடி உழைப்பது. முறையாகச் செய்தால் குறைந்த நேரத்தில் இதயத்துக்கும் மூச்சுக்கும் நல்ல பலன் உண்டு. ஆனால் இந்த ‘ஆறுவது’ இருக்கிறதே, அதைத்தான் முதலில் வெட்டிவிடுகிறார்கள்.

அந்த நாலு நிமிடக் கணக்குக்கு மூலம் ஜப்பானில் இசுமி தபாட்டா குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு. 20 விநாடி கடும் உழைப்பு, 10 விநாடி ஓய்வு, இப்படி ஏழெட்டுச் சுற்று. செய்தவர்கள் ஏற்கெனவே பயிற்சியில் ஊறிய இளைஞர்கள். அதுவும் ஆய்வுக்கூடத்து சைக்கிளில். முட்டியில் இடி விழாது, கால் இடறாது. அதை அப்படியே எடுத்து, பத்து வருஷமாக ஓடாத ஐம்பது வயது மாமாவைச் சிமெண்டுத் தரையில் குதிக்க வைப்பது என்ன நியாயம்? நார்வேக்காரர்களின் பேர்பெற்ற முறையில் 4 நிமிடக் கடும் உழைப்புக்கு 3 நிமிடம் மெதுநடை உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இன்னும் தாராளம் வேண்டும். பத்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்கிவிட்டு, 30 விநாடி வேகநடை, 90 விநாடி மெதுநடை என்று ஆறு சுற்று போதும். வேகத்தில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாமல் இருக்க வேண்டும். ஓய்வு முடியும்போது ஒரு முழு வாக்கியம் தடங்கலில்லாமல் வர வேண்டும். வரவில்லையென்றால் அடுத்த சுற்றைத் தொடங்காதீர்கள், வீடியோவில் இருப்பவர் என்ன கத்தினாலும் சரி.

ஓய்வு என்பது சுற்றுக்கு இடையில் மட்டுமில்லை, நாளுக்கு இடையிலும் வேண்டும். வாரத்தில் இரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள். நடுவில் ஒரு நாளாவது இடைவெளி. மற்ற நாள்களில் சும்மா நடந்தால் போதும். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்கள் இதைக் கூடுதலாக யோசிக்க வேண்டும். நீளக் கம்பில் கட்டிய அரிவாளை அண்ணாந்து இழுத்து, 20 கிலோ குலையைத் தூக்கிப் போட்டு, மட்டையை அடுக்கிவிட்டு வருகிறார்கள். அவர்கள் தோளும் இடுப்பும் அன்றைக்குரிய கடும் உழைப்பை மத்தியானத்துக்குள்ளேயே முடித்துவிட்டன. சாயங்காலம் மகன் கூப்பிடுகிறான் என்று “வாங்கப்பா, பர்ப்பி போடலாம்” என்று தரையில் விழுந்து எழுந்து குதிக்கும் கோஷ்டியில் சேர்ந்தால் முதுகுதான் பிடித்துக்கொள்ளும். வேலையில்லாத நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மாத்திரை விஷயம். 2019 தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு), இந்தியர்களில் 31.4 விழுக்காடு. ஆகவே நம் திடலில் மூன்று பேர் குதித்தால் ஒருவருக்காவது இருக்கும் என்றே வைத்துக்கொள்ளலாம். கிளிக்லசைட் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்தால் சர்க்கரை தாழ்ந்து நடுக்கமும் குளிர்வேர்வையும் வரும். விரத காலத்தில் ஒருவேளைச் சாப்பாட்டோடு செய்வது இன்னும் ஆபத்து. சில பேருக்குப் பயிற்சி முடிந்த உடனே சர்க்கரை ஏறியிருக்கும், ராத்திரி தூக்கத்தில் இறங்கும். கண் திரையில் பாதிப்பு என்று சொல்லியிருந்தால் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பக்கமே வர வேண்டாம். கண்ணுக்குள் இரத்தம் கசியலாம். பிரஷருக்கோ இதயத்துக்கோ பிசோப்ரோலோல், அட்டெனோலோல் சாப்பிடுகிறவர்களுக்கு நாடித்துடிப்பு மற்றவர்களுக்கு ஏறுகிற அளவுக்கு ஏறாது. அதிகபட்ச நாடித்துடிப்புக்கு ‘220இல் வயதைக் கழி’ என்ற கணக்கை நம்பி, கைக்கடிகாரத்தில் எண் வரும்வரை ஓடினால் விபரீதம்தான். அவர்களுக்கும் மேலே சொன்ன பேச்சுச் சோதனைதான் சரி.

நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்வை வடியுமே தவிர, சீக்கிரம் காயாது. காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? அதனால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்க வேண்டியிருக்கிறது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வெயில் இன்னும் சுடும். காலை ஏழரை நல்ல நேரம். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியே வேண்டாம்.

சப்பாத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘அடிடாஸ் கம்போங்’ என்று ஊரே செல்லமாகச் சொல்லும் கறுப்பு ரப்பர் சப்பாத்து சேற்றில் வழுக்காது. ஆனால் குதித்து இறங்கும் இடியைத் தாங்க உள்ளே மெத்தை கிடையாது. அதைப் போட்டுக்கொண்டு நடங்கள், குதிக்காதீர்கள். கடைசிச் சுற்று முடிந்ததும் அப்படியே தரையில் சரிவதும் தவறு. இரத்தம் காலிலேயே தங்கி, எழுந்திருக்கும்போது கண் இருட்டும். ஐந்து நிமிடம் நடந்து ஆறவிட்டு அப்புறம் உட்காருங்கள்.

நெஞ்சில் பாரம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, காரணமில்லாத மூச்சுத் திணறல் வந்தால் “காத்து புடிச்சிருக்கு” என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள், 999ஐக் கூப்பிடுங்கள். மறுநாள் தசை வீங்கி, சிறுநீர் கோப்பி-ஓ (பால் கலக்காத காப்பி) நிறத்தில் போனால் அதுவும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய சங்கதி. தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிற அபாயம் இருக்கிறது என்று அர்த்தம்.

மத்தியானத்துக்கு மேல் இடி கேட்டால் கோல் கம்பத்தடியிலோ மரத்தடியிலோ ஒதுங்காமல் பாலாய் ராயாவுக்குள் (ஊர்ப் பொது மண்டபம்) போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் திடல். அதற்குள் உடம்பு ஆறியிருக்கும், நடையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.