இரண்டாம் முறை உணவுக் கட்டுப்பாடு: எடை மெதுவாகக் குறையும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஆடிப்பெருக்கன்று ஆற்றங்கரையில் சாப்பிடும் சித்ரான்னத்தில் தொடங்கும் தளர்வு, ஆவணி முகூர்த்த விருந்துகளில் வளர்ந்து, தீபாவளிப் பலகாரத்தோடு முழுமை பெற்றுவிடும். காவிரிப் படுகையில் உணவுக் கட்டுப்பாட்டைக் கைவிட்டவர்கள் பெரும்பாலோர் கார்த்திகை பிறந்த பிறகுதான் மறுபடியும் தொடங்குகிறார்கள். பாபநாசத்தில் இருக்கும் என் அக்காவும் அப்படித்தான் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதல் முறை தொடங்கியபோது பத்தே நாளில் மூன்று கிலோ குறைந்தவருக்கு, இம்முறை அதே பத்து நாளில் அரைக் கிலோதான் குறைந்தது. “அதே சாப்பாடு, அதே நடைதான்டா, முள்ளு நகரவே மாட்டேங்குது” என்று தொலைபேசியில் சொன்னார். பதினோராம் நாள் முதல் காலைச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மீண்டும் தொடங்குகிறவர்கள் செய்யும் தவறுகளில் பெரியதும் ஆபத்தானதும் இதுதான். ஆனால் இந்தத் தவறுக்குக் காரணமாக இன்னொரு தவறு முன்னதாகவே நடந்துவிடுகிறது: முதல் முறை குறைந்த வேகத்தை இந்த முறைக்கும் அளவுகோலாக வைத்துக்கொள்வது.

முதல் பத்து நாளில் குறைந்த அந்த மூன்று கிலோவில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்தால் இது விளங்கும். நாம் சாப்பிடும் சோற்றின் மாவுச்சத்தில் ஒரு பகுதியை உடல் கிளைக்கோஜன் என்ற வடிவில் ஈரலிலும் தசையிலும் சேமித்து வைக்கிறது. பெரியவர் ஒருவரின் உடலில் இது ஏறக்குறைய அரைக் கிலோ வரை இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்து வைத்திருக்கும். மூன்று வேளையும் அரிசி உணவு சாப்பிட்டுவந்த ஒருவர் அதைத் திடீரென்று பாதியாகக் குறைத்தால், இந்தச் சேமிப்பின் ஒரு பகுதியும் அது பிடித்துவைத்திருந்த நீரும் முதல் வாரத்திலேயே வெளியேறிவிடுகின்றன. அப்பளம், ஊறுகாய், கருவாடு ஆகியவற்றையும் சேர்த்து நிறுத்தினால் உப்போடு சேர்ந்த நீரும் போய்விடும். இந்த நீரையெல்லாம் கொழுப்பு என்று எண்ணி நாம் மகிழ்ந்துபோகிறோம். இரண்டாம் முறை தொடங்குகிறவர் முழுமையாகப் பழைய பழக்கத்துக்குத் திரும்பியிருக்க மாட்டார். இரவில் சோற்றைத் தவிர்ப்பது, சர்க்கரையைக் குறைப்பது என்று ஏதாவது ஒன்றைத் தொடர்ந்துகொண்டே இருந்திருப்பார். எனவே வெளியேறுவதற்கான நீரும் குறைவாகவே இருக்கும். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பத்து நாளில் அரைக் கிலோ என்பது நல்ல வேகம்தான்.

உடலின் பங்கும் இதில் உண்டு. எடை குறைந்த உடலுக்கு ஆற்றல் தேவையும் குறைவு என்பது எளிதில் புரியும். அதற்கும் மேலாக, எடை குறைந்தபின் உடல் தன் செலவைச் சற்றுச் சுருக்கிக்கொள்கிறது. அமெரிக்காவில் எடைக் குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவில், எடையின் பெரும்பகுதி திரும்ப வந்துவிட்ட நிலையிலும் அவர்களின் உடல் ஓய்வில் செலவிடும் ஆற்றல் எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாக இருந்தது. அவர்கள் மிகக் கடுமையாகவும் மிக வேகமாகவும் இளைத்தவர்கள் என்பதால் நம் வீட்டில் நான்கு கிலோ குறைத்தவருக்கு இதே அளவு பாதிப்பு இருக்கும் என்று அஞ்ச வேண்டியதில்லை. பசியும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவில் பத்து வாரம் கடும் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களை ஓராண்டு கழித்துச் சோதித்தபோதும், பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை என்று 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. மறுபடி தொடங்கும்போது பசி முன்பைவிடக் கூடுதலாகத் தெரிந்தால், அதை மன உறுதிக் குறைவு என்று யாரும் தன்னையே நொந்துகொள்ள வேண்டாம்.

இனி, வேகம் போதவில்லை என்று உணவை மேலும் வெட்டும் தவறுக்கு வருகிறேன். அக்கா சர்க்கரை நோய்க்குக் காலையில் கிளிமெப்பிரைடு மாத்திரை போடுகிறவர். இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் மாத்திரை இது. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் காலை, மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனவருக்குப் பிரகாரத்தில் கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கண் இருட்டிவிட்டது. உடன் வந்த பக்கத்து வீட்டு அம்மாள் விவரம் தெரிந்தவர். எதிர்க் கடையில் தண்ணீர் வாங்கி மூன்று டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் குடிக்க வைத்து, கால் மணி நேரம் தூணில் சாய்த்து உட்கார வைத்திருந்தார். அதனால் பெரிய விபரீதம் ஏதும் நேரவில்லை. இன்சுலின் ஊசியோ இத்தகைய மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்கள் உணவைக் குறைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் போடக்கூடாது. தாமாகவே மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

மருந்து எதுவும் எடுக்காதவருக்கும் இந்த வெட்டு நன்மை தராது. பட்டினியில் கொழுப்போடு தசையும் கரைகிறது. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்துச் செய்த சோதனையில், மீண்டும் உணவு கொடுத்தபோது தசை நிரம்புவதற்கு முன்னதாகக் கொழுப்பு வேகமாகத் திரும்பி வந்தது. ஒவ்வொரு முறையும் பட்டினி கிடந்து இளைத்து, பிறகு பழையபடி பெருக்கிறவரின் உடலில், எடை அதே எண்ணில் நின்றாலும் தசை குறைந்திருக்க வாய்ப்புண்டு.

தசையைக் காப்பதற்குப் புரதம் வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. 65 கிலோ எடையுள்ளவருக்கு ஏறக்குறைய 54 கிராம். நம் சாப்பாட்டில் அது எவ்வளவு கிடைக்கிறது என்று பார்க்க, அக்கா வீட்டில் ஒரு நாள் சாம்பாருக்குப் போட்ட துவரம் பருப்பை நிறுத்தேன். நான்கு பேருக்கு 75 கிராம் இருந்தது. ஆளுக்கு நான்கு கிராம் புரதம்தான் வரும்; “சாம்பார் சாப்பிடுகிறோமே” என்பது போதாது. சம்பா அறுவடை முடிந்த வயலில் உளுந்தும் பச்சைப்பயறும் விளைவிக்கும் ஊர்க்காரர்கள் நாம். விளைந்ததை வியாபாரியிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இட்லி மாவுக்கு மட்டும் உளுந்தை எடுத்து வைப்பது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம். முப்பது கிராம் பயறைச் சுண்டலாகச் செய்தால் ஏழு கிராம் புரதம் கிடைக்கும். ஒரு முட்டையில் ஆறு கிராம் இருக்கிறது. நாகப்பட்டினத்திலிருந்து வரும் மத்தியோ குளத்து விராலோ நூறு கிராம் சாப்பிட்டால் ஏறக்குறைய இருபது கிராம் சேர்ந்துவிடும், பொரிக்காமல் குழம்பாக வைத்தால் மேலும் நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு புரதத்தைக் கூட்ட வேண்டும்.

“அதே சாப்பாடுதான்” என்ற நம்பிக்கை அடுத்த தவறு. அக்கா மதியம் இரண்டு கரண்டி சோறு என்று கணக்கு வைத்திருந்தார். அந்த இரண்டு கரண்டியைத் தட்டில் போட்டு, பலகாரத்துக்கு மாவு நிறுக்கும் சிறு தராசில் வைத்தோம். 380 கிராம் காட்டியது. நூறு கிராம் வடித்த சோற்றில் ஏறத்தாழ 130 கலோரி உண்டு. விசாரித்தபோதுதான் தெரிந்தது, பழைய அன்னக்கரண்டியின் காம்பு உடைந்துபோய்ப் புதிது வாங்கியிருக்கிறார், புதியது அகலமானது. அவர் பொய் சொல்லவில்லை, கரண்டிதான் மாறியிருந்தது. முதல் முறை இருந்த கவனம் இரண்டாம் முறை இருப்பதில்லை. எல்லாம் பழகிவிட்டது என்று அளக்காமல் விட்டுவிடுகிறோம். நாங்கள் எவ்வளவு குறைத்தும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்களை அமெரிக்காவில் ஆராய்ந்து 1992இல் வெளியிட்டபோது, அவர்கள் தாம் உண்டதை ஏறக்குறைய பாதிதான் கணக்கில் சொல்லியிருந்தார்கள் என்று தெரியவந்தது. தாளிக்கும் எண்ணெயில் ஒரு மேசைக்கரண்டி கூடினால் 120 கலோரி. நூறு மில்லி கெட்டிப் பாலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்த காபி ஒன்றுக்குச் சுமார் நூறு கலோரி. விருந்தாளி வரும்போதெல்லாம் கூடவே ஒரு டம்ளர் குடித்தால் ஒரு வேளைச் சாப்பாட்டின் கணக்கு அங்கேயே ஏறிவிடும். கிருத்திகைக்கும் அமாவாசைக்கும் ஒருபொழுது இருந்துவிட்டு, இரவில் பலகாரம் என்ற பெயரில் ஆறு தோசை சாப்பிடுகிறவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பாரம்பரிய அரிசிக்கு மாறிவிட்டால் எடை தானாகக் குறையும் என்ற எண்ணமும் இங்கே பரவலாக இருக்கிறது. மாப்பிள்ளைச் சம்பாவைத் தீட்டாமல் சமைத்தால் நார்ச்சத்து கூடுதலாகக் கிடைக்கும், வயிறும் சீக்கிரம் நிறையும். ஆனால் எடைக்கு எடை பார்த்தால் கலோரியில் பொன்னிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அரிசி எதுவானாலும் அளவு குறைந்தால்தான் எடை குறையும்.

உணவுக் கட்டுப்பாட்டோடு உடற்பயிற்சியையும் ஒரே நாளில் தொடங்குகிறவர்கள் முதல் இரண்டு மூன்று வாரம் தராசை நம்பி முடிவெடுக்கக்கூடாது. பழக்கமில்லாத வேலை செய்த தசை நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொழுப்பு கரைந்துகொண்டிருக்கும்போதே எடை நிற்கலாம், கூடவும் செய்யலாம். மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் பெண்களுக்கு ஒரு கிலோவோ அதற்கு மேலோ ஏறி இறங்குவதும் நீர்தான். காலையில் எழுந்து, கழிவறைக்குப் போய் வந்து, எதுவும் குடிப்பதற்கு முன், மேடுபள்ளமில்லாத தரையில் தராசை வைத்துப் பார்க்க வேண்டும். அன்றன்றைய எண்ணைவிட ஒரு வாரத்துச் சராசரியை அடுத்த வாரத்துச் சராசரியோடு ஒப்பிடுவதே சரி. இடுப்பு அளவையும் நாடாவால் அளந்து எழுதி வைக்கலாம். நம் நாட்டு உடல்வாகுக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் போகக்கூடாது.

இவ்வளவும் சரியாகச் செய்து இரண்டு மாதமாகியும் சராசரி அசையவில்லை என்றால் தைராய்டைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை போடுகிறவர்கள் காபியோடு சேர்த்து விழுங்கினால் மருந்து முழுதாக உடலில் சேராது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்துத்தான் காபி குடிக்க வேண்டும். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் ஆகியவையும் எடையைக் கூட்டக்கூடும்; இவற்றைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம், தாமாக நிறுத்தக்கூடாது.

அக்காவுக்கு மருத்துவர் மாத்திரையின் அளவைக் குறைத்துக் கொடுத்தார். காலைச் சாப்பாடு மறுபடி வந்தது. மதியச் சோறு 200 கிராம், கூடவே ஒரு கிண்ணம் சுண்டலோ மீனோ இருக்கிறது. நான்கு மாதத்தில் நான்கு கிலோ குறைந்திருக்கிறது. இடுப்பில் ஐந்து சென்டிமீட்டர் குறைந்து, ரவிக்கைகளைப் பிடித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறார். பங்குனியில் வயலில் உளுந்தும் பயறும் எடுத்தபோது, வியாபாரி வருவதற்கு முன்பே ஒரு மூட்டைப் பயறை வீட்டுக்கென்று தனியாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார்.