ஸ்பைக் பஸ்டர் வாங்கும் முன் மூன்றாவது ஓட்டையைப் பாருங்கள்

போன சித்திரையில் ஒரு சாயங்காலம், கோடை மழைக்கு முன்னால் ஓர் இடி. ஆம்ப்ளிஃபயர் செத்துப்போனது. அது செருகியிருந்த ஸ்பைக் பஸ்டர் மட்டும் சிவப்பு விளக்கோடு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தேன். உள்ளே துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரே ஒரு நீல வட்டு. அதுதான் எம்ஓவி. மின்னழுத்தம் திடீரென்று எகிறும்போது அதைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் பாகம். அந்தப் பெட்டியில் அது பேருக்குத்தான் இருந்தது.

1. கணக்கு

6 ஆம்பியர் பெட்டி 230 வோல்ட்டில் 1,380 வாட் தாங்கும். ஆம்ப்ளிஃபயர், சப்வூஃபர், டிவி, செட்டாப் பாக்ஸ் எல்லாம் சேர்ந்தாலும் வீட்டு செட்டுக்கு இது போதும். அதே பெட்டியில் அயர்ன் பாக்ஸைச் செருகாதீர்கள், அவ்வளவுதான்.

2. வாங்குவது

எவ்வளவு அடியை உள்வாங்கும் என்று சொல்லும் ஜூல் எண் அச்சிடாத பெட்டியை நான் தொடுவதில்லை. 1,000 ஜூலுக்கு மேல் இருந்தால் நல்லது. எம்ஓவி ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும், அதனால் அது உயிரோடு இருக்கிறதா என்று காட்டத் தனி விளக்கு வேண்டும். எந்த நாட்டு பிளக்கும் நுழையும் யுனிவர்சல் சாக்கெட் எனக்குப் பிடிக்காது. நம்மூர் உருண்டைப் பின் அதில் ஆடும், ஸ்பீக்கரில் கரகரவென்று கேட்கும்.

அமெரிக்காவிலிருந்து வருகிற மச்சானிடம் வாங்கி வரச் சொல்லாதீர்கள். அந்த ஊர்ப் பெட்டியில் பெரும்பாலும் 330 வோல்ட் என்று போட்டிருக்கும், அதாவது ஏறக்குறைய அந்த அளவிலேயே எம்ஓவி மின்னழுத்தத்தைத் தடுத்துப் பிடிக்கும். நம் 230 வோல்ட் ஏசி அலையின் உச்சமே 325. ராத்திரியில் சப்ளை 250 தொட்டால் 353 ஆகிவிடும். இடியே வேண்டாம், அது தானாகவே வெந்துவிடும்.

3. எர்த்

நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். புதுப்பெட்டியில் எர்த் இருந்தால் எரியும் ஒரு பச்சை விளக்கு உண்டு. என் வீட்டில் எரியவில்லை. பெட்டிதான் கோளாறு என்று கடைக்கு எடுத்துப் போனேன். அங்கே பளிச்சென்று எரிந்தது. மாற்றிக் கொடுத்த இரண்டாவது பெட்டியும் வீட்டில் எரியவில்லை. அப்போதுதான் உறைத்தது.

மல்டிமீட்டரை ஏசி 750-ல் வைத்து சாக்கெட்டில் அளந்தேன் (பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்). பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 231. பேஸுக்கும் எர்த்துக்கும் 74. எர்த் சரியாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக வர வேண்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட்தான் இருக்க வேண்டும். மெயினை அணைத்து, ஸ்விட்ச் போர்டைக் கழற்றினால், மேலே இருக்கும் அந்த மூன்றாவது, பெரிய எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இல்லை! முப்பது வருஷமாக அந்த ஓட்டை வெறும் அலங்காரம்.

நல்ல பெட்டியில் மூன்று எம்ஓவி இருக்கும். அவற்றில் இரண்டு, அடியை எர்த்துக்குத் தள்ளுபவை. எர்த் இல்லையென்றால் அந்த இரண்டுக்கும் வேலையே இல்லை. பச்சை வயர் இழுத்து, கொல்லைப்புற எர்த் குழியில் உப்பும் கரியும் புதிதாகப் போட்டுத் தண்ணீர் ஊற்றியபிறகு நியூட்ரல்-எர்த் 1.4-க்கு வந்தது. கோடையில் வாரம் ஒரு குடம் இன்னும் ஊற்றுகிறேன்.

4. இணைப்பது

செட் முழுவதையும் ஒரே பெட்டியில் செருகுங்கள். சப்வூஃபரை எதிர்ச்சுவர் சாக்கெட்டில் போட்டால் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வர வாய்ப்பு அதிகம். அதற்காக எர்த் பின்னை வெட்டச் சொல்லும் வீடியோக்கள் இருக்கின்றன, தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு பெட்டியில் இன்னொரு பெட்டியைச் செருகுவதும் வேண்டாம்.

பின்சேர்க்கை: "எனக்கு நியூட்ரல்-எர்த் சரியாக 0.0 வருகிறது, அருமையான எர்த்!" என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அதே லைனில் அயர்ன் பாக்ஸைப் போட்டுவிட்டு அளக்கச் சொன்னேன், லோடு ஏறினால் அந்த எண் கொஞ்சமாவது நகர வேண்டும். அப்போதும் 0.0. போர்டைத் திறந்தால், யாரோ நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் கோத்திருக்கிறார்கள். எங்காவது நியூட்ரல் அறுந்தால் ஆம்ப்ளிஃபயரின் இரும்பு உடம்பு முழுக்க கரண்ட் வரும். உடனே எடுக்கச் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று: ஸ்டெபிலைசர் போதாதா என்று பலர் கேட்கிறீர்கள். அது சப்ளை மெல்ல ஏறி இறங்குவதைச் சமாளிக்கும். இடியால் வரும் அடி மைக்ரோ வினாடிக் கணக்கு. ஸ்டெபிலைசருக்குள் இருக்கும் ரிலே ஸ்விட்ச் 'டிக்' என்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். எந்தப் பெட்டியும் பக்கத்தில் விழும் இடியைத் தாங்காது, வானம் கறுத்தால் நான் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன். கூடவே மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளையும் செட்டாப் பாக்ஸிலிருந்து திருகி எடுத்துவிடுகிறேன். அது அடியை எச்டிஎம்ஐ வழியாக நேரே ஆம்ப்ளிஃபயருக்குக் கொண்டுவந்துவிடும்.