நார்க்கழிவில் வேர் உட்பூசணம்: மணிச்சத்தில் கவனம் தேவை

செடி வளர்க்கும் ஊடகமான தென்னை நார்க்கழிவில் சத்துகள் குறைவு என்பதால் உரக்கரைசலைத் தவிர்க்க இயலாது. ஆனால் அக்கரைசலில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்திருந்தால், செடி தன் தேவையை நேரடியாகவே பெற்றுக்கொண்டு, வேருக்குள் வாழ்ந்து மணிச்சத்தை எடுத்துத் தரும் ‘வேம்’ (VAM) எனப்படும் வேர் உட்பூசணத்தைத் தன் வேருக்குள் பெருக விடுவதில்லை. எனவே நாற்றின் வேர்ப்பந்தை லேசாக நனைத்து, இப்பூசணம் கலந்த பழுப்பு நிறத் தூள் வெண்ணிற வேர்நுனிகளில் ஒட்டுமாறு புரட்டி நட்டு (மேற்பரப்பில் தூவுவது பெரும்பாலும் வீணே), முதல் சில வாரங்களுக்கு மணிச்சத்து குறைந்த கரைசலையே நீர் கலந்து ஊற்றுங்கள். அந்நாட்களில் வேரில் பூசணக்கொல்லி ஊற்றுவதை அவசியம் தவிர்க்க வேண்டும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி ஆகியவை இப்பூசணத்துடன் இணைவதில்லை; தக்காளி, மிளகாய், வெங்காயம் போன்றவற்றுக்கே இதனைப் பயன்படுத்துங்கள்.